கணினிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் நடுவே: தகவல் முறைமைகள் முதுகலைப் படிப்பில் கைவரும் திறன்கள்

2016 பிப்ரவரி 24 அன்று கனடா அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் புதிய கணினி முறைமையை இயக்கத் தொடங்கியது. அதன் பெயர் பீனிக்ஸ். முதல் கட்டத்தில் 34 துறைகள், சுமார் 1,20,000 ஊழியர்கள். ஏப்ரல் 21 அன்று மீதித் துறைகளும் சேர்ந்தன; மொத்தம் ஏறத்தாழ 2,90,000 பேர். அதன் பிறகு வந்த மாதங்களில் சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைவாக வந்தது. சிலருக்கு அதிகமாக வந்து, பிறகு அதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 2017 ஜூன் 30 நிலவரப்படி தீர்க்கப்படாமல் கிடந்த சம்பளப் பிழைகளின் மதிப்பு 52 கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் கணக்குக் காட்டியது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று சொல்லித் தொடங்கிய திட்டம் அது.

கனடாவில் மென்பொருள் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? இல்லை. பீனிக்ஸின் அடித்தளம் பீப்பிள்சாஃப்ட். உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த மென்பொருள். அதை அமைத்துக் கொடுத்தது ஐ.பி.எம். நிரல் எழுதுகிறவர்கள் வேண்டிய மட்டும் இருந்தார்கள். நிர்வாகம் படித்த உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஊதிய ஒப்பந்தங்கள், எண்பதாயிரம் சம்பள விதிகள், இவற்றில் எதை விட்டுவிட்டு இயக்கப் போகிறோம், விட்டதால் எந்த ஊழியருக்குச் சம்பளம் நின்றுபோகும் என்று கேட்டு, பதில் வரும்வரை திட்டத்தைப் பிடித்து நிறுத்துகிற ஆள் அங்கே எடுபடவில்லை. அப்படிப்பட்ட ஆட்களைப் பழக்குவதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. தகவல் முறைமைகள் என்பது அதன் பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதை எம்.எஸ். பட்டமாகத் தருகிறார்கள், மாணவர்கள் பேச்சில் எம்.ஐ.எஸ்.

பொறியியல் முடித்த பிள்ளையை வெளிநாடு அனுப்ப யோசிக்கும் வீடுகளில் இந்தப் படிப்பைப் பற்றி ஒரே கேள்விதான் எழுகிறது: இது கம்ப்யூட்டர் சயின்ஸா, எம்.பி.ஏ.வா? பாதி அது, பாதி இது என்று ஆலோசனை மையங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நிரல் எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கான எளிய வழி என்று சிலர் காதோடு சொல்வதும் உண்டு. இரண்டு பதிலுமே இந்தப் படிப்புக்கு அநியாயம் செய்கின்றன. இதற்கென்று தனியான ஒரு வேலையும், அந்த வேலைக்கென்று தனியான ஒரு பயிற்சியும் இருக்கின்றன. மனிதர்கள் செய்யும் வேலைக்குள் எழுதப்படாமல் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதை எழுத்தில் கொண்டுவந்து, கணினிக்குள் அது தொலைந்துபோகாமல் காப்பது. மற்ற திறன்கள் எல்லாம் இதற்குத் துணை நிற்பவை.

இந்த வேலையின் தொடக்கம் ஒரு டீக்கடையில் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் நாடெங்கும் தேநீர்க் கடைகளை நடத்தி வந்தது. வணிக வேலைக்காகத் தானே ஒரு கணினியை உருவாக்கி, அதற்கு லியோ என்று பெயர் வைத்து, 1951 நவம்பரில் அதில் ரொட்டி, கேக் தயாரிப்புக் கணக்கைப் போடத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் அன்றாட வணிகக் கணக்கு கணினியில் தவறாமல் ஓடியது அதுதான் முதல் முறை. அங்கே வேலை செய்த டேவிட் கேமினர் என்பவரை உலகின் முதல் முறைமைப் பகுப்பாய்வாளர் என்று சொல்வதுண்டு. அவர் கணினிப் பொறியாளர் அல்ல. லயன்ஸின் அலுவலக நடைமுறைகளை ஆராயும் பிரிவிலிருந்து வந்தவர்.

சில ஆண்டுகளில் கடைகளுக்கு மறுநாள் அனுப்ப வேண்டிய சரக்கின் கணக்கையும் லியோவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு கடையிலும் பொறுப்பில் இருந்த பெண்மணி நாள்தோறும் முழுப் பட்டியலையும் எழுதி அனுப்ப வேண்டுமா? வேண்டியதில்லை என்று கண்டார்கள். கிழமைக்கு ஒன்றாக வழக்கமான கொள்முதல் பட்டியல் கணினியில் இருக்கட்டும்; கடைக்காரர் பிற்பகலில் தொலைபேசியில் அழைத்து, நாளைக்கு மாற்றம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் சொல்லட்டும் என்று வைத்தார்கள். மழை வரும்போல் இருந்தால் ஐஸ்கிரீமைக் குறைக்கலாம். அக்கம்பக்கத்தில் ஏதாவது விசேஷம் என்றால் கேக்கைக் கூட்டலாம். வழக்கம் எது, விதிவிலக்கு எது, விதிவிலக்கை யார் சொல்ல வேண்டும் என்று பிரித்துப் பார்த்த இந்தப் பார்வைதான் இன்றுவரை இந்தத் துறையின் உயிர்நாடி.

முதுகலை வகுப்பில் இதற்கு முறையான பயிற்சி உண்டு. ஒரு வேலை இன்றைக்கு எப்படி நடக்கிறது என்று படமாக வரைய வேண்டும்: யார் தொடங்குகிறார், எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகிறது, எங்கே காத்துக் கிடக்கிறது, யார் கையெழுத்துப் போடுகிறார், கையெழுத்துப் போடுகிறவர் விடுமுறையில் இருந்தால் என்ன ஆகிறது. அதன் பிறகு அது எப்படி நடக்க வேண்டும் என்று இன்னொரு படம். வரைவது எளிது. முதல் படத்தை உண்மையாக வரைவதுதான் கடினம். வேலை செய்கிறவரிடம் கேட்டால் அலுவலகக் கையேட்டில் உள்ளதைத்தான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான், கையேட்டில் இல்லாத ஒரு நோட்டுப் புத்தகம் அவருடைய மேசை இழுப்பறையில் இருப்பது தெரியும்.

பீனிக்ஸில் தொலைந்தது அந்த நோட்டுப் புத்தகம்தான். பழைய சம்பள முறைமைக்கு நாற்பது வயது. அது சரியாகச் செய்யாததை எல்லாம், ஒவ்வொரு துறையிலும் இருந்த சம்பள ஆலோசகர்கள் கையால் சரிக்கட்டி வந்தார்கள். எந்த ஒப்பந்தத்தில் எந்தப் படி எப்போது கூடும், இரவுப்பணி செய்த ஒருவர் நடுமாதத்தில் வேறு துறைக்கு மாறினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. திட்டம் அவர்களைச் செலவாகப் பார்த்தது. 46 துறைகளில் 1,200 ஆலோசகர் பணியிடங்களை நீக்கிவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்ற சிறிய ஊரில் 460 ஆலோசகர்களைக் கொண்டு மையம் ஒன்றைத் திறந்தார்கள். கணினிக்கு மாற்றப்படாத அறிவு, ஆட்களோடு சேர்ந்து வெளியே போய்விட்டது.

விதிவிலக்கைத் தேடும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அதன் பிறகு எங்கே போனாலும் கண் அதைத்தான் தேடும். நம் ஊர் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரலை அது படிக்காமல் போவதுண்டு. அந்த மூதாட்டிக்கு அரிசி கிடைக்க மாற்று வழி என்ன, அந்த வழியைத் திறந்துவிடும் அதிகாரம் கடைக்காரருக்கு உண்டா, அப்படிக் கொடுத்தது எங்கே பதிவாகிறது? இந்த மூன்று கேள்வியும் வடிவமைப்பின்போதே கேட்கப்பட வேண்டியவை. கடை வாசலில் அவர் நிற்கும்போது கேட்பதற்கு உரியவை அல்ல.

அடுத்தது தரவு. வேலைக்கான விளம்பரங்களில் முதலில் கேட்கப்படுவதும், மாணவர்கள் மிக வேகமாகக் கற்றுக்கொள்வதும் இதுதான். ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் தொடர்புநிலைத் தரவுத்தளக் கருத்தை வெளியிட்டார். செய்தியை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, தேவைப்படும்போது சேர்த்துப் பார்க்கும் முறை அது. 1976இல் பீட்டர் சென், ஒரு நிறுவனத்தில் உள்ள பொருள்களையும் ஆட்களையும் அவற்றுக்கு இடையே உள்ள உறவுகளையும் படமாக வரையும் வழியைத் தந்தார். வங்கி, மருத்துவமனை எதுவானாலும் இன்றும் பெரும்பாலும் அடியில் இவை இரண்டும்தான் ஓடுகின்றன. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். எழுதுவதை மூன்று மாதத்தில் இணையத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் ஒருநாள் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும் என்ற பயம் உடம்பில் ஊறுவதற்குத்தான் வகுப்பும் ஆசிரியரும் வேண்டியிருக்கிறது.

அந்தப் பயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் கிடைக்கும். பிரிட்டன் அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு முறைமை ஓடிக்கொண்டிருந்தது. அதை அமைத்துப் பராமரித்தது ஃபுஜிட்சு நிறுவனம். 2015இல் அங்கே ஒருவர் 8,000 பவுண்டு ரொக்கத்தைக் கிளை நிலையத்துக்கு மாற்றிப் பதிவு செய்தார். திரை நகரவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினார், மறுபடியும். ஒரே பணம் நான்கு முறை வரவாகப் பதிவானது. இருப்பு 8,000, கணக்கில் 32,000. நடுவே காணாமல்போன 24,000 பவுண்டு எங்கும் இருந்ததே இல்லை. ஒரு பரிவர்த்தனை நடந்தால் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும், பாதியில் நின்றால் நடக்காததாகவே இருக்க வேண்டும் என்பது தரவுத்தளப் பாடத்தின் அடிப்படைகளில் ஒன்று. தேர்வுக்காகப் படிக்கும்போது அது வெறும் இலக்கணம் போலத்தான் தோன்றும்.

ஹொரைசன் கதை அங்கே தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. 1999 முதல் 2015 வரை, இந்த முறைமை காட்டிய பற்றாக்குறையை வைத்து, அஞ்சல் நிலையம் நடத்தியவர்கள் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். வழக்குகளில் பெரும்பாலானவற்றை அஞ்சல் நிறுவனமே தொடுத்தது. கர்ப்பிணியாக இருந்த ஒருவர்கூடச் சிறைக்குப் போனார். ஊரார் முன் தலைகுனிந்து, வீட்டை விற்றுப் பணத்தைக் கட்டியவர்கள் பலர். கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், தவறு என்றால் அதைக் காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் அனுமானம். கிராமத்தில் ஒரு சின்ன அஞ்சல் நிலையம் நடத்துகிறவர் எதைக் கொண்டு காட்டுவார்?

அஞ்சல் நிலையம் நடத்தி வந்த ஆலன் பேட்ஸ் முன்நின்று நடத்திய வழக்கில் 555 பேர் சேர்ந்தார்கள். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: முறைமையில் பிழைகள் இருந்தன, நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாமலேயே அவருடைய கணக்கில் தொலைவிலிருந்து கை வைக்க ஃபுஜிட்சு ஊழியர்களால் முடிந்திருந்தது. அப்படி முடியவே முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகள் சாதித்து வந்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024இல் மீதிப் பேரையும் விடுவிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

தணிக்கைத் தடம் என்ற பாடம் முதுகலையில் இருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார், எப்போது செய்தார், எந்த உரிமையில் செய்தார் என்று அழிக்க முடியாதபடி எழுதி வைப்பது. எழுதி வைத்ததைப் பாதிக்கப்பட்டவரும் பார்க்க வழி செய்வது. தகவல் பாதுகாப்பு என்றதும் மாணவர்கள் வெளியிலிருந்து உடைத்து வருகிறவனைத்தான் நினைக்கிறார்கள். உள்ளே சாவி வைத்திருப்பவரைக் கண்காணிப்பதும் அதே பாடத்தின் பாதி. அறநெறித் தாளைப் பலர் மதிப்பெண்ணுக்காக எடுத்துக் கடந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. ஹொரைசனில் பிழைகள் இருப்பதை அறிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அறிந்த அந்த உண்மை நீதிமன்றத்துக்குப் போகாமல் நின்ற இடத்தில்தான் அத்தனை குடும்பங்கள் சிதைந்தன.

மனிதர்களைப் படிப்பது இந்தப் படிப்பின் மூன்றாவது கால். வெளியில் இருப்பவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1983இல் லின் மார்க்கஸ் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் நடந்ததை எழுதினார். தலைமையகம் புதிய நிதிக்கணக்கு முறைமையைக் கொண்டுவந்தது. பிரிவு அலுவலகங்களின் கணக்காளர்கள் அதை ஏற்கவில்லை; பழைய பேரேடுகளையே தொடர்ந்து எழுதினார்கள். பழமைவாதிகள் என்று அவர்களைச் சொல்வதா? முறைமை மோசம் என்று சொல்வதா? மார்க்கஸ் வேறொன்றைப் பார்த்தார். அதுவரை கணக்கு விவரம் பிரிவுகளிடம் இருந்தது. தலைமையகம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. புதிய முறைமையில் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் போய்ச் சேர்ந்ததால், தலைமையகம் யாரையும் கேட்காமலே பார்த்துக்கொள்ளலாம். எதிர்ப்பு அந்த அதிகார மாற்றத்துக்கு. தலைமையகக் கணக்காளர்கள் அதே முறைமையை விரும்பி வரவேற்றதற்கும் அதுவே காரணம்.

1989இல் ஃப்ரெட் டேவிஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். ஒரு மென்பொருளை மக்கள் ஏற்பதும் ஏற்காததும், அது தன் வேலைக்கு உதவும் என்று அவர்கள் எண்ணுவதையும், பயன்படுத்த எளிது என்று எண்ணுவதையும் பொறுத்தது என்றார். இரண்டில் உதவும் என்ற எண்ணமே வலிமையானது என்றும் காட்டினார். கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் திரையை அழகாக்கவே பணத்தைக் கொட்டும் திட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்த மாணவர், வேலைக்குப் போன இடத்தில் ஒரு குமாஸ்தா புதிய முறைமையைத் தொடாமல் இருந்தால், "அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று எழுதிவிட்டு வரமாட்டார். அவர் எதை இழக்கிறார் என்று கேட்பார்.

தகவலைச் சேர்ப்பதைவிட விலக்குவது பெரிய திறன் என்பதை ரஸ்ஸல் அக்காஃப் 1967லேயே எழுதிவிட்டார்: மேலாளர்களுக்குத் தேவையான தகவல் குறைவு என்பதைவிட, தேவையற்ற தகவல் அவர்களை மூழ்கடிக்கிறது என்பதே பெரிய துன்பம். ஐம்பது வரைபடம் மின்னும் திரை ஒன்றைச் செய்து கொடுத்துப் பாராட்டு வாங்கும் இன்றைய இளைஞர்கள் இந்த ஒரு வரியைத் தங்கள் மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

இனி, திட்டத்தை நடத்துவது. கால அட்டவணை, செலவுக் கணிப்பு, இடர்ப் பட்டியல் இவற்றுக்கெல்லாம் சான்றிதழ்ப் படிப்புகளே போதும். முதுகலையில் கூடுதலாகக் கிடைப்பது, வேண்டாம் என்று சொல்வதற்கான ஆதாரத்தைத் திரட்டும் பழக்கம். பீனிக்ஸுக்கு ஒதுக்கியது 15.5 கோடி டாலர். 2012இல் முழு வேலைக்கும் 27.4 கோடி ஆகும் என்று ஐ.பி.எம். சொன்னது. பொறுப்பில் இருந்தவர்கள் கூடுதல் பணமோ காலமோ கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சம்பளச் செயல்பாடுகளை வெட்டினார்கள். முன்தேதியிட்டு உயர்த்திய சம்பளத்தின் நிலுவையைக் கணக்கிடுவதும் வெட்டப்பட்டவற்றில் ஒன்று. அரசு ஊழியர் சம்பளம் தெரிந்த எவருக்கும் நிலுவை இல்லாத ஆண்டே கிடையாது என்பது தெரியும். ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018 அறிக்கையில் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். மென்பொருளின் தோல்வியாக அல்ல, திட்ட மேலாண்மையும் மேற்பார்வையும் தோற்றதாக.

இதில் நெஞ்சு பொறுக்காத செய்தி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2010 மார்ச்சில் சுகாதாரத் துறையின் சம்பள முறைமை இதேபோல் சரிந்தது. செவிலியர்களுக்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் சம்பளம் தப்பும் தவறுமாக வந்தது. செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொடும் என்று கணக்கிட்டார்கள். அங்கும் ஒப்பந்தக்காரர் ஐ.பி.எம். விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2013இல் வெளியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தேவைகளைச் சரியாக வரையறுக்காமல் அவசரப்பட்டது, தயாராகாத முறைமையை இயக்கியது என்று எல்லாம் அதில் இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து கனடா பீனிக்ஸைத் திறந்தது. தோல்விகளை வாரம் ஒன்றாக வகுப்பில் வைத்துப் பிரித்துப் படிக்கும் வழக்கம் இந்தத் துறையில் இருப்பது ஏன் என்று யாராவது கேட்டால், 2013, 2016 என்ற இந்த இரண்டு ஆண்டுகளைச் சொல்லலாம்.

படிப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் டேவிஸ் 1960களின் பிற்பகுதியில் இதைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தார். 1972இல் கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். தகவல் முறைமைகளில் முதுகலைப் பாடத்திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 1974இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நுனமேக்கர் இத்துறையைத் தொடங்கினார். பின்னாளில் ஏ.சி.எம். அமைப்பும் தகவல் முறைமைகள் சங்கமும் சேர்ந்து உலகப் பொதுவான வரையறையைக் கொண்டுவந்தன. அதன் கடைசி வடிவம் எம்.எஸ்.ஐ.எஸ். 2016. எந்தெந்தத் தாள் நடத்த வேண்டும் என்று அது பட்டியல் போடவில்லை. படித்து முடித்தவருக்கு என்னென்ன செய்ய வரவேண்டும் என்று ஒன்பது பகுதிகளாகச் சொல்கிறது: தரவு மேலாண்மை, முறைமை உருவாக்கம், உள்கட்டமைப்பு, பாதுகாப்பு, நிறுவனக் கட்டமைப்பு, உத்தியும் ஆளுகையும், அன்றாட இயக்கம், புதுமையும் நிறுவன மாற்றமும், அறநெறி. அத்தோடு எழுத்து, பேச்சு, பேரம் பேசுதல் போன்ற தனிமனிதத் திறன்களையும், மருத்துவமோ வங்கியோ ஏதாவது ஒரு துறையைப் பற்றிய அறிவையும் கட்டாயமாக வைக்கிறது.

அந்தக் கடைசி வரியில் நம் மாணவர்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். பொறியியல் முடித்த கையோடு விமானம் ஏறுகிறவருக்கு எந்தத் துறையின் உள்வேலையும் தெரிந்திருக்காது. இரண்டு ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்திலோ மருத்துவமனைக் கணக்குப் பிரிவிலோ வேலை பார்த்துவிட்டுப் போகிறவர், மார்க்கஸின் கட்டுரையைப் படிக்கும்போது தன் அலுவலகத்தின் முகங்களைக் காண்பார். மற்றவருக்கு அது இன்னொரு பாடம். படிப்பு தராதவையும் உண்டு. இயக்க முறைமையை ஆழத்திலிருந்து எழுதவோ, புதிய கணிப்பு வழிமுறைகளைக் கண்டுபிடிக்கவோ ஆசைப்படுகிறவர் கணினி அறிவியலுக்குத்தான் போக வேண்டும். இந்தியாவிலேயே இருந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு எம்.பி.ஏ.வில் சிஸ்டம்ஸ் என்ற சிறப்புப் பிரிவு இதற்கு நெருக்கமானது. ஆனால் அங்கே தரவுத்தளத்துக்கும் பகுப்பாய்வுக்கும் கிடைக்கும் நேரம் குறைவு.

நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும் காலத்தில் இந்தப் பட்டம் எதற்கு என்ற கேள்வியும் இப்போது வருகிறது. நிலுவைச் சம்பளத்தைக் கணக்கிடும் நிரலை அது சில நொடிகளில் எழுதிவிடும், நிலுவை என்று ஒன்று இருப்பதை யாராவது அதற்குச் சொன்னால். எண்பதாயிரம் விதிகளைத் திரட்டி, அவற்றில் ஒன்றோடு ஒன்று முரண்படுபவற்றைக் கண்டு, எது செல்லும் என்று தொழிற்சங்கத்திடமும் நிதித்துறையிடமும் பேசி முடிவு வாங்கும் வேலைக்கு இன்றும் ஆள் வேண்டும்.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அரிசோனாவிலும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்திலும் இது வணிகப் பள்ளிக்குள் இருக்கிறது. கார்னகி மெலனில் பொதுக்கொள்கையும் கற்பிக்கும் ஹெய்ன்ஸ் கல்லூரிக்குள் இருக்கிறது. இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பாடத்தின் நிறமும் மாறும். அமெரிக்காவில் வேலை தேடும் எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2016இல் வந்த விதிப்படி, அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பை முடித்தவர்கள் ஓராண்டுப் பணிப்பயிற்சிக்குப் பிறகு மேலும் 24 மாதங்கள் நீட்டிப்புக் கேட்கலாம். அது படிப்பின் பெயரைப் பொறுத்ததல்ல, அரசு வகைப்பாட்டு எண்ணைப் பொறுத்தது. எண் என்ன என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

அதே கடிதத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்து எழுதுங்கள். கடைசிப் பருவத்தில் மாணவர்கள் குழுவாகச் செய்யும் திட்டப்பணி உண்மையான ஒரு நிறுவனத்துக்காகவா, ஆசிரியர் கொடுத்த கற்பனைக் கணக்கா? நிறுவனம்தான் என்றால், திட்டம் கொடுத்த மேலாளரோடு மட்டும்தான் பேச விடுவார்களா, அந்த முறைமையை நாள் முழுதும் பயன்படுத்தப் போகிறவரின் பக்கத்திலும் சில நாள்கள் உட்கார விடுவார்களா?